ஷெல்டனின் பெட்டிகளும் மூன்றாம் ஓலையும்

என் மகன் ஷெல்டன் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு நாள் தண்ணீர் கொண்டு வாடா என்று சொன்னேன். எந்த டம்ளரில், எவ்வளவு, யாருக்கு, குடித்த பிறகு டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டான். பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தாகமே போய்விட்டது. பிள்ளை புத்திசாலி என்றார்கள் அக்கம்பக்கத்தார். சோம்பேறி என்றேன் நான். இரண்டுமே சரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஜெசிந்தா. மயிலாப்பூர் பக்கம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் ராஜநாயகமும் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். வீட்டில் அவர் பேசும் வார்த்தைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சாந்தோம் சந்து ஒன்றில் வீடு. ஷெல்டன் ஒரே பிள்ளை. இது அவன் கதை. அவனே எழுதினால் கட்டம் கட்டி எழுதுவான், யாருக்கும் புரியாது. அதனால் நான் சொல்கிறேன்.

அவனுக்குப் பெருங்குடியில் வேலை. கட்டிடம் கட்டுகிறவர்கள் முதலில் பிளான் போடுவார்கள் அல்லவா, அதுபோல மென்பொருள் எழுதுகிறவர்கள் முதலில் படம் போட்டுப் பார்ப்பார்களாம். அந்தப் படம் போடுவதற்கே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். அதைச் செய்கிற கம்பெனி இவனுடையது. படம் முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் கிளாஸ் என்று பெயர். ‘வங்கிக் கணக்கு’ என்று ஒரு பெட்டி போட்டால், அது செய்கிற வேலைகளை அதற்குள்ளேயே எழுத வேண்டும்: பணம் போடு, பணம் எடு. இந்த வேலைகளுக்கு ஆபரேஷன் என்று பெயர். ஆபரேஷன் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு ஜன்னல் திறக்கும். இந்த வேலையை யார் யார் ஏவலாம், ஏவும்போது என்ன கொடுக்க வேண்டும், முடிந்ததும் என்ன திரும்ப வரும் என்றெல்லாம் அது கேட்கும். என் மகனின் உத்தியோகம் அந்த ஜன்னல். மென்பொருள் முழுவதும் இல்லை, அந்த ஒரே ஒரு ஜன்னல். ஒரு வருஷம் பாடுபட்டு அதில் இருந்த டிக் கட்டம் ஒன்றை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு நகர்த்தினான். அதைப் பாராட்டிக் கண்ணாடிக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், வேறு எங்கே வைப்பது.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பார்ப்பது லேசான காரியமா? நன்றாகத்தான் ஆரம்பிப்பான். என்ன வேலை தம்பி என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. பேனா எடுத்து டிஷ்யூ பேப்பரில் பெட்டி வரைய ஆரம்பிப்பான். பெண் வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஐரின் மட்டும் உட்கார்ந்து கேட்டாள். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பெண்தான். அடையாறில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறாள். அவன் வரைந்த பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, இதில் ஒரு தப்பு இருக்கிறது என்றாள். இருந்தது. ஷெல்டன் திருத்திவிட்டு அவளைப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வையை நான் அதற்கு முன் அவன் முகத்தில் கண்டதில்லை. இவள் போய்விட்டால் இவனுக்கு வேறு ஒருத்தி கிடையாது என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்பாடுபட்டாவது இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று அன்றைக்கே மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்.

நிச்சயம் ஆனதும் கல்யாண வேலைகளை அந்த மென்பொருளிலேயே படமாகப் போட்டான். பெண் வீடு ஒரு பெட்டி, மாப்பிள்ளை வீடு ஒரு பெட்டி, கோயில் ஒரு பெட்டி. அதைப் படம் பிடித்து எங்கள் அன்பியத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அன்பியம் என்றால் எங்கள் பங்கில் தெருவாரியாகச் சேர்ந்து ஜெபம் செய்கிற குடும்பங்கள். படத்துக்குக் கீழே விளக்கம் வேறு: பிளஸ் குறி போட்ட வேலைகள் பப்ளிக், யார் வேண்டுமானாலும் செய்யலாம்; மைனஸ் குறி போட்டவை பிரைவேட், வீட்டாரைத் தவிர யாரும் தலையிடக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் அந்த ஜன்னலில் நாமாக மாற்றாவிட்டால் எந்த வேலையானாலும் பப்ளிக் என்றே விழுமாம். இந்த மகராசன் ஒன்றைக்கூட மாற்றவில்லை.

கல்யாணப் புடவை எடுக்க நானும் ஐரினும் தி. நகருக்குப் போனோம். கடை வாசலில் எங்கள் அன்பியமே நின்றது. ‘புடவை எடு’ வேலையில் பிளஸ் போட்டிருந்ததே என்று லிசா என்னிடமே கேட்டாள்; லிசா எங்கள் அன்பியத்தின் தலைவி, அவள் இல்லாமல் எங்கள் தெருவில் கொசு மருந்துகூட அடிக்க முடியாது. ஆளுக்கொரு புடவையை ஐரின் தோளில் போட்டார்கள். வேண்டாம் என்று இவள் எடுத்துப் போட்டால் அதன் மேல் வேறொன்று விழுந்தது. ஒரு கட்டத்தில் புடவைக் குவியலுக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும்தான் வந்தது. கடைசியில் யாருக்கும் பிடிக்காத ஒரு பாக்குக் கலரை எல்லாரும் சேர்ந்து ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐரின் அதையும் சிரித்துக்கொண்டுதான் வாங்கிக்கொண்டாள். பொறுமைசாலி என்று நினைத்து நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் முதலாவது ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் பங்குச் சாமியார் வாசிப்பார், அதைத்தான் ஓலை என்போம். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார். முறை தவறிய சொந்தம், முன்பே ஆன கல்யாணம், அந்த மாதிரி விஷயங்களுக்காக ஏற்பட்ட வழக்கம். என் நினைவில் எங்கள் கோயிலில் யாரும் வாயைத் திறந்ததில்லை.

அன்றைக்கு ஐரின் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் ஷெல்டன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு நம் வீடு எப்படி நடக்கும் என்று படம் போட்டிருக்கிறேன், பாருங்கள் என்றான். நல்ல மனசோடுதான் செய்தான், அதைச் சொல்லியாக வேண்டும். சிலர் பூங்கொத்து கொடுப்பார்கள், இவன் இது.

‘ஷெல்டன்’ பெட்டியில் இரண்டே வேலை: சம்பாதி, வீட்டுக்கு வா. ‘டாடி’ பெட்டியில் பேப்பர் படி, காபி கேள். ‘ஐரின்’ பெட்டியைப் பார்க்க அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். விடிவதற்குள் எழு, காபி போடு, டிபன் செய், ஷெல்டனின் சாக்ஸைத் தேடு, மீன் வாங்கு, மீன் கழுவு, குழம்பு வை, விருந்தாளியிடம் சிரி. அது போய்க்கொண்டே இருந்தது.

இதெல்லாம் நீங்க எழுதினதா என்று கேட்டாள். இல்லவே இல்லை, நான் ஒன்றுமே எழுதவில்லை என்று பெருமையாகச் சொன்னான் என் மகன். ஏற்கெனவே ‘மம்மி’ என்று ஒரு பெட்டி போட்டு வைத்திருந்தானாம். ஐரினுக்குப் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, இந்தப் பெட்டி அந்தப் பெட்டியின் வாரிசு என்று ஒரு கோடு இழுத்தானாம். கோடு இழுத்தால் தாய்ப் பெட்டியின் வேலைகள் எல்லாம் தானாகவே பிள்ளைப் பெட்டிக்கு இறங்கிவிடுமாம். எவ்வளவு சுலபம் பாருங்கள் என்றான்.

ஐரின் ‘குழம்பு வை’ மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். இவனுடைய ஜன்னல் திறந்தது. திரும்ப வருவது என்ற இடத்தில் வாய்ட் என்றிருந்தது. ஒன்றுமில்லை என்று அர்த்தம் என எனக்குச் சொன்னாள். மற்ற வேலைகளையும் தட்டிப் பார்த்தாள். எல்லாம் வாய்ட்.

“செய்றவளுக்குத் திரும்ப ஒண்ணுமே வராதா ஷெல்டன்?”

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பான். அவளே பாடம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியாததா? இவன் திருத்தப் போனான்.

“இல்ல ஐரின், அது செய்றவங்களுக்கு வர்றது இல்ல. செய்யச் சொன்னவங்களுக்கு வர்றது. செய்றவங்களுக்குன்னு அதுல கட்டமே கிடையாது.”

ஐரின் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். சத்தம் போடாமல், வகுப்பில் பேசுவது போலத்தான் பேசினாள்.

“மூணாவது ஓலைக்குள்ள இத சரி பண்ணுங்க. இல்லன்னா, தடை இருக்குன்னு நானே ஃபாதர்கிட்ட சொல்லிடுவேன்.”

என்னிடம் குழம்பு நன்றாக இருந்தது ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதலில் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. என் வேலைகளைச் செய்வது அவ்வளவு கேவலமா என்று பொருமினேன். அப்புறம், அப்படி என்னதான் எழுதித் தொலைத்தான் பார்ப்போம் என்று லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, என் பெட்டியை உச்சி முதல் அடிவரை படித்தேன். சேசுவே! அத்தனையும் உண்மை. தபால் ஆபீஸுக்கு முன்னாலும் பின்னாலும் இவ்வளவையும் நான் செய்திருக்கிறேன். ஏவினால் ஓடும் என்று வாஷிங் மெஷினுக்குப் போடுகிற மாதிரி போட்டு வைத்திருக்கிறான் பாவி. ‘உட்கார்’ என்று ஒரு வேலை அந்தப் பெட்டியில் இல்லை. எனக்குப் பின்னால் நின்று ராஜநாயகமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார். படித்துவிட்டுப் பழையபடி பேப்பரை எடுத்துக்கொண்டார். அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது.

ஷெல்டன் ராப்பகலாக உட்கார்ந்து படத்தைத் திருத்தினான். இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே ஐரினை மடக்கி லேப்டாப்பைத் திறந்தான். அவள் பெட்டியில் பாதி வேலைகள் இவன் பெட்டிக்கு வந்திருந்தன. காபி போடு, மீன் வாங்கு, குழம்பு வை, எல்லாம் ஷெல்டன். எனக்கே பெருமையாக இருந்தது. ஐரின் ஒரு வேலையைத் தட்டினாள், இன்னொன்றைத் தட்டினாள், அவள் முகம் மாறியது. ஒவ்வொன்றிலும் ஆப்ஸ்ட்ராக்ட் என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தான். பெயர் மட்டும்தான் இங்கே, எப்படிச் செய்வது என்று இங்கே கிடையாது, பின்னால் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அந்த டிக்குக்கு அர்த்தமாம்.

ஏன் இப்படி என்று கேட்டாள். எனக்கு எதுவுமே செய்யத் தெரியாதே, தெரியும் என்று போட்டால் பொய்யாகிவிடாதா என்றான். படத்தில்கூடப் பொய் சொல்ல மாட்டான், அது ஒன்றுதான் அவனை வளர்த்ததில் நான் கண்ட சுகம்.

“இந்த டிக் போட்ட பெட்டியிலேர்ந்து நிஜமா ஒரு ஆள உருவாக்க முடியாதுன்னு என் ஸ்டூடண்ட்ஸுக்கே தெரியும். அப்ப நான் யாரக் கட்டிக்கப் போறேன்? படத்த மாத்தாதீங்க ஷெல்டன், நீங்க மாறுங்க.”

வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன். இனி இந்த வீட்டில் எவன் ஏவினாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று அப்பனையும் மகனையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு ஹாலில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பழக்கமில்லாததால் முதுகு வலித்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வாரம் முழுக்க ஹோட்டல் இட்லிதான்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் ஷெல்டன் தானே மீன் வாங்கப் போனான். லூப் ரோடு அங்காடியில் எனக்கு வாடிக்கையாக மீன் தருகிற தேசம்மா இதைப் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மூன்று பேருக்குக் குழம்பு வைக்க என்ன மீன், என்ன அளவு, அதில் முள் எத்தனை சதவீதம் என்று கேட்டானாம். பின்னால் நின்ற கூட்டம் கத்த ஆரம்பித்ததாம்.

“இன்னா நைனா, மீன் வாங்க வந்துகீறியா, மீன கட்டிக்க வந்துகீறியா? இந்தா, சங்கரா. எடுத்துக்கினு போ.”

சங்கராவோடு வீட்டுக்கு வந்து செல்போனில் ஒரு சமையல் வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். உப்பு தேவையான அளவு என்று அந்த அம்மாள் சொன்ன இடத்தில் அப்படியே நின்றுவிட்டான். தேவை யாருடையது, அளவு எதில், குறைந்தபட்சம் என்ன, அதிகபட்சம் என்ன? வீடியோவுக்குக் கீழே நீளமாக ஒரு புகார் எழுதினான். எழுதி முடிப்பதற்குள் சோறு தீய்ந்தது. புளி கரைப்பது என்றால் கரைந்து காணாமல் போக வேண்டும் என்று நினைத்து, கொட்டையும் நாருமாகச் சட்டியில் கொட்டியிருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை மட்டும் பொத்திக்கொண்டேன். உள்ளே ஓடிப்போய் அடுப்பை அணைக்கத் துடித்த காலை எப்படி அடக்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். உப்பு துளியும் இல்லை. ராஜநாயகம் ஒரு வாய் வைத்துவிட்டு வழக்கம் போல என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து சமையலறைக்குப் போனார். உள்ளே டப்பா டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து அந்தக் குழம்பை அப்படியே சாப்பிட்டு முடித்தார்.

ஷெல்டன் சாப்பிடவில்லை. நாளைக்கு ஐரின் போய்விடுவாள் மம்மி என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் அழுது நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்கு மனசு தாங்கவில்லை.

மறுநாள் பூசையில் ஐரின் பாடகர் குழுவுக்கு முன் வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூவரும் இந்தப் பக்கம். எனக்குப் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்து முடித்து எல்லாரும் உட்கார்ந்தோம். ஃபாதர் ஜான்சன் ஓலையை எடுத்தார். ராஜநாயகம், ஜெசிந்தா தம்பதியரின் மகன் ஷெல்டனுக்கும் என்று ஆரம்பித்து, இது மூன்றாவது மற்றும் இறுதி அறிவிப்பு, தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார். நான் ஐரினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அசையவில்லை. என் பக்கத்தில் ஷெல்டன் எழுந்து நின்றான்.

“எனக்கு ஒரு தடை தெரியும் ஃபாதர்.”

கோயிலே திரும்பியது. லிசா ஜெபமாலையைக் கீழே போட்டாள். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னப்பா தடை என்று கேட்டார். பாவம், அவர் வேறு என்ன செய்வார்.

“எனக்கு ஒரு வேலையும் தெரியாது ஃபாதர். காபி, குழம்பு, எதுவும். எல்லாத்தையும் மம்மி செஞ்சாங்க, இனிமே ஐரின் செய்வான்னு நெனச்சேன். நெனச்சது தப்பு. நேத்து குழம்பு வெச்சேன், சரியா வரல. தெரிஞ்சவங்க சொல்லணும்னு நீங்க வாசிச்சீங்க. எனக்குத்தான் நல்லாத் தெரியும்.”

இந்தக் கூத்து எந்தத் தாய்க்கு நடக்கும் சொல்லுங்கள். தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். முதலில் பின் வரிசையில் ஒருவர் சிரித்தார், அப்புறம் கோயிலே சிரித்தது. இதைத் தடை என்று எடுத்துக்கொண்டால் இந்தப் பங்கில் ஒரு கல்யாணமும் நடந்திருக்காதப்பா என்றார் ஃபாதர். பிறகு ஐரின் பக்கம் திரும்பி, நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார்.

ஐரின் எழுந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறாள்.

“தெரியலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார் ஃபாதர். மீதிய கத்துக்குவார். எனக்குத் தடை ஒண்ணும் இல்ல.”

பெண்களிடமிருந்து கைதட்டலே எழுந்துவிட்டது. நான் மாதாவே என்று பெஞ்சில் சாய்ந்தேன். ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறுதி ஜெபத்துக்குக் கையை விரித்தார். அப்போது எனக்கு அந்தப் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சென்றது. ராஜநாயகம் எழுந்து நின்றார்.

“எனக்கும் அதே தடைதான் ஃபாதர்.”

உங்கள் ஓலை வாசித்து எத்தனையோ காலம் ஆயிற்றே ஐயா, இப்போது வந்து சொன்னால் நான் என்ன செய்வது என்றார் ஃபாதர். மறுபடி ஒரே சிரிப்பு. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்காரவில்லை. ஃபாதரைப் பார்க்கவும் இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

“உப்பு எங்க இருக்குன்னு கூட எனக்குத் தெரியல ஜெசிந்தா,” என்றார்.

வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். ஊர் கூடிய இடத்தில், கஞ்சி போட்ட புடவையோடு என்னை அழ வைத்துவிட்டார். அழுதேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கடைசி ஆசீர் முடியும்வரை அவர் நின்றுகொண்டேதான் இருந்தார், நானும் உட்காரச் சொல்லவில்லை.